பகல் வெயிலும் பின்னிரவு வெந்நீரும்

உதகமண்டலத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு வெந்நீர் இல்லாமல் ஒரு பொழுதும் கழிவதில்லை. காலையில் முகம் கழுவுவது முதல் இரவில் பால் பாத்திரம் துலக்குவது வரையில், குழாயைத் திறந்து கையை நீட்டிய மாத்திரத்தில் விரல் மரத்துப்போகிற ஊர் இது; ஆகையால் இங்கே ஒரு வீட்டின் செல்வநிலையை அளக்க வேண்டுமானால், கூடத்தில் என்ன நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதைக் காட்டிலும், குளியலறையில் எத்தனை பேர் குளிக்கும்வரை வெந்நீர் வருகிறது என்று விசாரிப்பதே உசிதம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் பல வருஷகாலம் கொல்லைப்புறத்துச் செம்புப் பாய்லரும் சீகை விறகுமே அந்தக் கைங்கரியத்தைச் செய்துவந்தன. பிறகு மின்சார கீசர் வந்தது. அதற்கும் பிறகு கூரைமேல் சோலார் ஹீட்டர் ஏறியது. என் தாயார் மட்டும், புகைவாசனை இல்லாத வெந்நீரில் குளித்தால் உடம்பு வலி போகாது என்ற தம்முடைய சித்தாந்தத்தைக் கடைசி வரையில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சமவெளியிலிருந்து வருகிற சிநேகிதர்கள், தேநீர்க் கோப்பையும் கையுமாக முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேகத்துக்குள்ளே குடியிருந்துகொண்டு சூரியனை நம்பிக் குழாய் போட்டிருக்கிறீரே!" என்று பரிகசிப்பது வழக்கம். பரிகாசத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு மயக்கம் கலந்திருக்கிறது. காற்று குளிர்ந்திருக்கும் இடத்தில் வெயிலும் வலுவற்றுத்தான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டுவிடுகிறோம். இந்த மயக்கத்தை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்தவர் ஜெனீவா நகரத்து ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் என்னும் விஞ்ஞானி. 1767-ஆம் ஆண்டில் அவர் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்து, உள்ளே ஏறுகிற உஷ்ணத்தை அளக்க ஆரம்பித்தார். பிறகு உட்புறத்தில் கறுப்புத் தக்கை பதித்து, மேலே மூன்று கண்ணாடித் தகடுகளை மூடியாகப் பொருத்திய ஒரு சிறு மரப்பெட்டியைச் செய்தபோது, அதனுள் உஷ்ணம் நீர் கொதிக்கும் நிலையையும் கடந்து போயிற்று. அத்துடன் நிற்காமல், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையின் கிராமோன் சிகரத்தில் ஏறினார். அடிவாரத்தைவிட அங்கே காற்று வெகுவாகக் குளிர்ந்திருந்த போதிலும், பெட்டிக்குள் கண்ட உஷ்ணம் கீழே கண்டதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. கண்ணாடியைக் கடந்து உள்ளே நுழையும் ஒளி கறுப்புப் பரப்பில் பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பக் கதிர்களுக்குக் கண்ணாடி வழிவிடுவதில்லை. வெளிக்காற்றின் குளிர் உள்ளே புகுவதற்கும் இடமில்லை. சூரியனைக் கொண்டு நீரைச் சூடாக்குகிற சாதனங்களுக்கெல்லாம் மூதாதை அந்த மரப்பெட்டிதான். 1830-களில் நன்னம்பிக்கை முனையில் நட்சத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் ஹெர்ஷல் என்ற வானநூல் வல்லுநர், அத்தகைய பெட்டியொன்றில் முட்டையும் மாமிசமும் சமைத்துத் தம் நண்பர்களுக்குப் பரிமாறியிருக்கிறார்.

உதகையைப் பற்றிய வரையில் இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. மார்கழியிலும் தையிலும் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். அதைப் படம் பிடிப்பதற்கென்றே கார் அமர்த்திக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். அந்த உறைபனிக்குக் காரணம், இரவில் ஆகாயம் துல்லியமாக இருப்பது. மேகப் போர்வை இல்லாததால் பூமி தன் உஷ்ணத்தை நேரே வானவெளிக்குக் கொடுத்துவிடுகிறது. எந்தத் துல்லியமான ஆகாயம் இரவில் புல்லை உறையவைக்கிறதோ, அதே ஆகாயம்தான் மறுநாள் பகலில் தடையில்லாத வெயிலைத் தருகிறது. ஆகவே, எங்கள் ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே கூரைமேலிருக்கும் ஹீட்டர் உற்சாகமாக வேலை செய்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அது கைவிடுவது ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குப் பருவமழை மலையை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் சூரியமுகமே காட்டாத நாட்களில்.

பிற்பகல் மூன்று மணிக்கு யார் குளிக்கிறார்கள்? இந்த விஷயத்தின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்வியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நமக்கு வெந்நீர் வேண்டியது விடியற்காலையில். அறைக்கு வெதுவெதுப்பு வேண்டியது நடுநிசியில். மேல்நாட்டாருக்கோ வெப்பம் வேண்டியது டிசம்பரில், வெயில் கிடைப்பது ஜூனில். வெயிலைப் பிடிப்பது சொசூருடைய காலத்திலேயே கைவந்துவிட்ட வித்தை. பிடித்ததை, வேண்டும் வேளை வரையில் கலையாமல் காத்துவைப்பதிலேதான், அவருக்குப் பின்வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஆயுளைச் செலவிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்ற வியாபாரி, 1891-ஆம் ஆண்டில், கறுப்புச் சாயம் பூசிய நீர்த்தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கிடத்தி, 'கிளைமாக்ஸ்' என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விலை 25 டாலர். நிலக்கரி விலையேறிய கலிபோர்னியாவில் அது அமோகமாக விற்றது. 1897-க்குள் பாசடேனா என்ற ஊரில் நூற்றுக்கு முப்பது வீடுகள் வரையில் அது ஏறிவிட்டதாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அதில் ஒரு குறை. தொட்டியே வெயில் பிடிக்கும் பரப்பாகவும் இருந்தபடியால், சூரியன் சாய்ந்ததும் அதே கண்ணாடி வழியாகச் சூடெல்லாம் கரைந்துபோய், காலையில் வெறும் பச்சைத் தண்ணீரே வந்தது. 1909-இல் வில்லியம் பெய்லி என்பவர் இந்த இரண்டு காரியங்களையும் பிரித்தார்: வெயிலைப் பிடிக்க மெல்லிய குழாய்கள் ஓடுகிற ஒரு பலகை; பிடித்த வெந்நீரைக் காக்க, வெப்பம் கசியாதபடி உறையிட்ட ஒரு தொட்டி, அந்தப் பலகைக்கு மேலே. 'பகலும் இரவும்' என்றே அவர் தம் கம்பெனிக்குப் பெயர் வைத்தார். நம்முடைய கூரைகளில் இன்று நாம் காண்கிற சோலார் ஹீட்டர், அங்கங்கே உலோகமும் பூச்சும் மாறியிருந்தாலும், அமைப்பில் பெய்லி செய்ததேதான்.

அந்தப் பெய்லிக்கும் ஒரு சோதனை வந்தது. உதகைவாசிகளுக்கு அது அந்நியமான சோதனை அன்று. 1913-ஆம் ஆண்டு ஜனவரியில், கலிபோர்னியாவில் என்றுமில்லாத குளிர் ஓர் இரவில் இறங்கவே, பலகைகளில் இருந்த நீர் உறைந்து பருத்து, செம்புக் குழாய்கள் வரிசையாக வெடித்துவிட்டன. அவர் மனந்தளராமல், பலகைக்குள் உறையாத திரவமொன்றை ஓடவிட்டு, அது தொட்டிக்குள் சுருள் குழாயாகச் சென்று தன் சூட்டை நீருக்குக் கொடுத்துத் திரும்பும்படி ஏற்பாடு செய்தார். இன்றைக்கும் உறைபனி விழும் ஊர்களில் நல்ல ஹீட்டர்கள் அப்படியே செய்யப்படுகின்றன. குளிரை வென்ற அந்த மனிதரைக் கடைசியில் வீழ்த்தியது மலிவு. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பூமிக்கடியில் எரிவாயு ஏராளமாக அகப்பட்டு, வீட்டுக்கு வீடு குழாயில் வந்து நின்றபோது, கூரையில் ஏறியிருந்த சூரியனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நிற்க. எங்கள் கூரைக்கு வருகிறேன். தொட்டியைக் கூரை உச்சியில் நிறுத்தி வைத்திருப்பது பார்வைக்கு அவலட்சணமாக இருக்கிறதே, அதைச் சற்றுக் கீழே இறக்கிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று, பொருத்த வந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். கேத்தியைச் சேர்ந்த இளைஞர். படிப்பு அதிகமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். "இறக்கலாம் சார். ராத்திரி தொட்டியில இருக்கிற சூடெல்லாம் பலகைக்கு ஏறி ஆகாசத்துக்குப் போயிடும். காலையில பல்லு விளக்கக்கூட ஆகாது" என்றார். பௌதிக ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவதை அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். சூடேறிய நீர் இலேசாகி மேலே எழும்; குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும்; தொட்டி மேலேயும் பலகை கீழேயும் இருக்கும் வரையில், பகலெல்லாம் பம்பும் மின்சாரமும் இல்லாமலே நீர் தானாகச் சுற்றிவரும்; சூரியன் மறைந்ததும் சுற்று தானாக நின்றுவிடும். தொட்டி தாழ்ந்துவிட்டாலோ, இரவில் அதே சுற்று தலைகீழாக ஓடத் தொடங்கிவிடும். வெயிலுள்ள காலை பத்து மணிக்கு ஏணியில் ஏறி, பலகையிலிருந்து தொட்டிக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டால் சுடும். தொட்டியிலிருந்து பலகைக்கு இறங்கும் கீழ்க் குழாயைத் தொட்டால் சில்லென்றிருக்கும். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு யந்திரம் வேலை செய்வதை இப்படி இரண்டு விரல்களால் பிரத்தியட்சமாக உணரலாம்.

இப்போது கடைகளில் அதிகமாக விற்பது செம்புப் பலகை அன்று. வரிசையாகச் சாய்த்து வைத்த கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொரு குழலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர் உடையது. இடையில் காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டிருக்கிறது. பிளாஸ்க்கில் ஊற்றிய காப்பி சூடு ஆறாமல் இருப்பதும் இதே தத்துவத்தினால்தான். உட்சுவரின் மேல் பூசியிருக்கும் கரும்பூச்சு ஒளியை வாரி விழுங்கும். ஆனால் வெப்பக் கதிராக அதை எளிதில் திருப்பிக் கக்காது. இந்தக் கஞ்சத்தனமான கருமையை ஆராய்ந்து உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி டேபர்; 1955-இல் அவர் அதை உலகத்துக்குக் காட்டினார். எரிபொருள் தட்டுப்பாட்டினால் இரவு வேளைகளில் வெந்நீர் போடுவதையே அரசாங்கம் தடைசெய்திருந்த தேசம் அது. 1980-இல் புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனத்தைச் சட்டத்தினாலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். குழலின் அடிமுனையில் வெள்ளிபோல் ஒரு பூச்சு பளபளக்கிறதே, அது அலங்காரத்துக்கு அன்று. எங்கிருந்தாவது கசியும் காற்றை உறிஞ்சுவதற்காகப் படியவைத்த பேரியம். விரிசல் கண்டு காற்றுப் புகுந்துவிட்டால் அந்த வெள்ளிப் பளபளப்பு பால்போல் வெளுத்துவிடும். வாங்கப் போகிறவர்கள் குழல்களின் அடியைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலகையா, குழலா என்ற தர்க்கம் எங்கள் ஊரில் எளிதில் தீரும். துல்லியமான இரவில், காற்றின் உஷ்ணம் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே, வானத்தை நோக்கிக் கிடக்கிற பலகை அதற்கும் கீழே குளிர்ந்து உறைந்துவிடக் கூடும். குழலுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. சமவெளியில் வேறு நியாயம். போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுந்த ஊர்களில் பலகையின் மெல்லிய செம்புக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து, நாளடைவில் ஊசி நுழையும் துவாரமாகச் சுருங்கிப்போகும்; அகன்ற குழல்களில் அது படிந்தாலும் கழற்றிக் கழுவிவிடலாம். ஆனால் குழல்கள் தொட்டியில் பொருந்துகிற இடத்தில் இருப்பது ரப்பர் வளையங்கள். பம்பு வைத்து அழுத்தத்தோடு நீர் செலுத்துகிற மாடி வீடுகளில் அவை தாங்கமாட்டா. அங்கே செம்புப் பலகையே உத்தமம். விற்பனைக்காரர் எவரும் தாம் விற்காத சரக்கைப் பற்றி இந்த உண்மையைச் சொல்வதில்லை.

கணக்கும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்துவதற்கு 4,000 கிலோ கலோரி தேவை. மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 4.65 யூனிட். நல்ல வெயில் நாளில் நம் நாட்டில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழுகிற சக்தி சுமார் 5 யூனிட். அதில் பாதியை ஒரு நல்ல பலகை வெந்நீராக மாற்றிவிடும். ஆகவே 2 சதுர மீட்டர் பலகைக்கு 100 லிட்டர் என்று கம்பெனிக்காரர்கள் போடுகிற கணக்கு சரியானதுதான். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 200 லிட்டர் என்று கொண்டால், வெயில் நாள் ஒவ்வொன்றிலும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். வீட்டில் மின்விளக்குகளையும் மின்விசிறியையும் அணைத்து அணைத்துச் சிக்கனம் பேசுகிறவர்கள், கீசரின் சிவப்பு விளக்கு காலை முழுவதும் எரிவதைக் கவனிப்பதே இல்லை.

வெந்நீரைப் பொறுத்த வரையில், பன்னிரண்டு மணி நேரம் சூட்டைக் காத்தால் போதும். ஆகையால் அந்தப் பிரச்சினை பெய்லியோடு தீர்ந்தது என்று சொல்லலாம். வீட்டையே சூடாக்குவது வேறு காரியம். பனி பெய்கிற நாடுகளில் வெப்பம் தேவைப்படுவது மாதக்கணக்கில். அந்த மாதங்களிலே சூரியன் தாழ்ந்து, பகல் குறுகி, மேகம் மூடிக்கிடக்கும். 1939-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், ஹாய்ட் ஹாட்டல் என்ற பேராசிரியரின் தலைமையில், கோடை வெயிலைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க முடியுமா என்று பரீட்சிப்பதற்காகவே ஒரு சிறு வீடு கட்டி, அதன் நிலவறையில் 17,400 காலன் கொள்ளும் தொட்டியை வைத்தார்கள். நம் கணக்கில் 66,000 லிட்டர் பிடிக்கும். வீடு கதகதப்பாகத்தான் இருந்தது; ஆனால் வீட்டுக்காகத் தொட்டியா, தொட்டிக்காக வீடா என்று சந்தேகம் வரும்படியாயிற்று. அவ்வளவு செலவுக்கு நிலக்கரியே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய முடிவு.

அதே கழகத்தில் இருந்த மரியா டெல்கெஸ் என்ற ஹங்கேரியப் பெண்மணிக்கு அந்த முடிவு சம்மதமாகவில்லை. தண்ணீரில் சூட்டைச் சேமித்தால் இடம் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பொருள் உருகும்போது, தன் உஷ்ணநிலை ஏறாமலே, பெருமளவு வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும், திரும்ப உறையும்போது அதை அப்படியே கொடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கிளாபர் உப்பு என்பது ஒரு காலத்தில் பேதி மருந்தாகவும் கொடுக்கப்பட்ட மலிவான சரக்கு. 32 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருகுவதற்கு ஏறக்குறைய 60 கிலோ கலோரி வாங்கிக்கொள்ளும். மனிதர் வாசம் செய்கிற அறைக்கு இதைவிடப் பொருத்தமான உஷ்ணநிலை கிடையாது. 1948-இல், எலினர் ரேமண்ட் என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைபடம் போட, அமீலியா பீபாடி என்ற சீமாட்டி பணம் கொடுக்க, டோவர் என்ற ஊரில் ஒரு வீடு எழுந்தது. மூன்று பெண்மணிகள் சேர்ந்து எழுப்பிய வீடு என்பதை அந்நாளையப் பத்திரிகைகள் ஆச்சரியத்தோடு எழுதின. மேல்மாடியின் தெற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதன் பின்னே சூடாகிற காற்று, விசிறிகளால், அறைகளுக்கு இடையே இருந்த சிற்றறைகளுக்குப் போகும். அங்கே பீப்பாய் பீப்பாயாக 21 டன் உப்பு. குளிர்காய அடுப்பே வைக்காத அந்த வீட்டில் டெல்கெஸ் அம்மையாரின் உறவினர் ஒருவர் மனைவியோடும் குழந்தையோடும் குடிபுகுந்தார். முதல் குளிர்காலங்கள் நன்றாகவே கழிந்தன. பிறகு உப்பு சதி செய்தது. உருகி உறைந்து, உருகி உறைந்து, மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாகப் பிரிந்துவிட்டது. பிரிந்தது மறுபடி ஒன்றுசேரவில்லை. பீப்பாய்களும் அரித்துக் கசியலாயின. கடைசியில் அந்த வீட்டுக்கு வழக்கமான அடுப்பே வந்து சேர்ந்தது.

ஏட்டில் எவ்விதக் குற்றமும் இல்லாத ஒரு யோசனை, பீப்பாய்க்குள் புகுந்ததும் எப்படித் தடுமாறும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை. ஆயினும் டெல்கெஸ் அம்மையாரைத் தோற்றவர் வரிசையில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. உருகும் பொருளில் வெப்பத்தைச் சேமிப்பது இன்று பெரியதோர் ஆராய்ச்சித் துறை.

உப்பும் வேண்டாம், விசிறியும் வேண்டாம், சுவரே போதும் என்றவர் பிரெஞ்சு தேசத்து ஃபெலிக்ஸ் டிராம்ப். பிரனீஸ் மலையில் ஓடெயோ என்ற ஊரில், ழாக் மிஷேல் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, 1967-இல் அவர் கட்டிய வீடுகளில், தெற்குப் பார்த்த 60 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவருக்குக் கறுப்பு வர்ணம் பூசி, அதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டார்கள். பகலில் சுவரின் வெளிமுகத்தில் ஏறுகிற சூடு, பல மணி நேரம் சுவருக்குள்ளேயே ஊர்ந்து, சூரியன் மறைந்து வெகுநேரம் ஆன பிறகு உட்புறத்து அறைக்கு வந்து சேரும். தாமதம் என்று நாம் பழிக்கிற குணமே அங்கே உபகாரமாகிவிட்டது. இதே யோசனைக்கு 1881-லேயே அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். நம் தேசத்தில் இது வேரூன்றியது லடாக்கில். லே நகருக்கு அருகே ஃபே கிராமத்தில் செக்மோல் பள்ளி மண்சுவரும் தெற்குச் சாளரமும் கொண்டு கட்டப்பட்டு, வெளியே நீர் உறைந்து கிடக்கிற நாட்களிலும் அடுப்பு மூட்டாமலே மாணவர்களைக் காக்கிறது. அங்கே காற்று கொடிது. ஆனால் ஆகாயம் துல்லியம். சொசூர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கோடையை மாரிக்குக் கடத்துகிற பழைய ஆசையும் அடங்கிவிடவில்லை. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து ஓகோடோக்ஸ் நகரில் 52 வீடுகள் கொண்ட டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பில், கார் கொட்டகைகளின் கூரைகளில் 800 பலகைகளைப் பரப்பி, கோடை முழுவதும் பிடித்த வெப்பத்தை, 37 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகளின் வழியே பூமிக்குள் இறக்கினார்கள். வேனில் முடிவதற்குள் அந்த மண் 80 டிகிரி வரையில் சூடாகும். டிசம்பரில் அதே துளைகளிலிருந்து அந்தச் சூட்டை வீடுகளுக்கு மீட்டுக்கொள்வார்கள். 2007-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு, 2015-16 குளிர்காலத்தில் வீடுகளுக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் சூரியனிடமிருந்தே கொடுத்தது. பிறகு குழாய்களும் கருவிகளும் முதுமையடைந்து, மாற்று உறுப்புகள் கிடைப்பது அரிதாகி, 2024-இல் அதை மூடிவிடுவதென்று தீர்மானித்தார்கள். டென்மார்க்கின் வோயென்ஸ் நகரத்தார் இன்னும் பெரிதாக எண்ணினார்கள்: மணல் அள்ளிய பழைய பள்ளமொன்றில் நீர் கசியாதபடி விரிப்பிட்டு, 2 லட்சம் கன மீட்டர் வெந்நீரை நிரப்பி, மேலே மிதக்கும் மூடி போட்டு, 70,000 சதுர மீட்டர் பலகைகளால் அதைச் சூடேற்றுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெப்பம் கசிவது புறப்பரப்பின் வழியாக. அது சேர்ந்திருப்பதோ கன அளவில். தொட்டி பெருகப் பெருக, கன அளவு விரைவாகவும் பரப்பு மெதுவாகவும் வளரும். ஒரு வீட்டு நிலவறையில் கட்டுப்படியாகாதது, ஓர் ஊரே சேர்ந்து பள்ளம் தோண்டினால் கட்டுப்படியாகிறது.

இடையே ஒரு சங்கதி. 1979-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் ஏற்றிய 32 பலகைகளை, ரீகன் காலத்தில், 1986-இல் இறக்கிவிட்டார்கள் என்பது பலரும் அறிந்த கதை. அவை மின்சாரம் தருகிற பலகைகள் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை நம் வீட்டுக் கூரையில் இருக்கிற ஜாதிதான். தண்ணீர் சுட வைத்தவை.

அந்த ஜாதிக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. மின்சாரம் தருகிற பலகை, விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். 2 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 யூனிட். அதைக் கொண்டு கீசரில் நீர் காய்ச்சுவது, நேரே வெந்நீர் தருகிற பலகைக்குக் கால்தூசு பெறாது என்று அண்மைக்காலம் வரையில் நானும் வாதாடிவந்தேன். அந்த வாதம் அந்த அளவில் இன்றும் சரியே. ஆனால் ஹீட் பம்ப் என்ற ஒன்று வந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் யந்திரத்தைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி நீரில் சேர்க்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். எங்கள் குளிரில் சற்றுக் குறையலாம். அப்படியானால் 2 யூனிட் மின்சாரம் 6 யூனிட் வெப்பமாகி, செம்புப் பலகையின் 5 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. அதுமட்டுமா? வெந்நீர் நிறைந்துவிட்ட தொட்டிக்குப் பிற்பகல் வெயிலால் பிரயோஜனமில்லை; மின்பலகையின் மிச்சத்தையோ கம்பி வழியே மின்வாரியத்துக்குக் கொடுத்துவிடலாம். 2024-இல் மத்திய அரசு ஆரம்பித்த சூரிய வீட்டுத் திட்டத்தில் 3 கிலோவாட் மின்பலகைக்கு 78,000 ரூபாய் மானியம் வேறு. வெந்நீர்ப் பலகைக்கு அப்படிப்பட்ட ராஜோபசாரம் இப்போது இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: பணமும் கூரையில் இடமும் தாராளமாக உள்ளவர்கள் மின்பலகையும் ஹீட் பம்ப்பும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகிற மலைக்கிராமத்தில், பழுதானால் ஊட்டியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஆள் வரவேண்டிய இடத்தில், அசையாத அந்தப் பழைய யந்திரமே சிலாக்கியம். இரண்டில் எதை வைத்தாலும் தொட்டியைக் குளியலறைக்கு மேலேயே வைக்க வேண்டும். கட்டட மேஸ்திரிகள் தொட்டியை ஒரு கோடியிலும் குளியலறையை மறுகோடியிலும் வைத்துவிட்டு, இடையே உறையில்லாத குழாயை மொட்டைமாடி நெடுக ஓடவிடுவார்கள். காலையில் அந்தக் குழாய்க்குள் தங்கியிருந்த குளிர்ந்த நீர் இரண்டு வாளி வெளியேறிய பிறகே சூடு வரும். அதற்குள் குளிக்க வந்தவர் சோலாரையே சபித்துவிட்டுக் கீசர் பொத்தானை அழுத்தியிருப்பார்.

அறையைச் சூடாக்குவதற்கோ, எங்கள் ஊரில் எந்தச் சாதனமும் வேண்டியதில்லை என்பேன். உதகையின் பழைய பங்களாக்களில் வெயில் பார்த்த பக்கத்தில் கண்ணாடியிட்ட வராந்தா ஒன்று இருக்கும். காலை பத்து மணிக்கு அதில் பத்திரிகையோடு உட்கார்ந்தால் கம்பளியைக் கழற்றவேண்டியிருக்கும். அதற்குப் பின்னாலுள்ள கனமான கற்சுவர் டிராம்ப் சொன்ன வேலையை ஓரளவு செய்துகொண்டிருக்கிறது. கட்டியவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோரு டிகிரி சொச்சத்தில். மார்கழியில் நண்பகல் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்து தென்புறக் கண்ணாடி வழியே அறைக்குள் ஆழமாக நுழையும். ஆனி மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். தென்புறக் கண்ணாடியில் படாது. குளிருக்கு மட்டும் திறக்கிற கதவு ஒன்றைப் பிரகிருதியே அமைத்துவைத்திருக்க, புதிதாகக் கட்டுகிறவர்கள் சாலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே சாளரம் வைத்துவிட்டு, ராத்திரி முழுவதும் மின்சார ரூம் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் மனை வாங்கியிருக்கும் ஓர் இளம் தம்பதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, சோலார் எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்டார்கள். கம்பெனியைப் பிறகு பார்க்கலாம் என்று, மேசைமேல் படத்தை விரித்து வைத்துக்கொண்டோம். கூடம் வடக்கே, இருட்டில் இருந்தது; குளியலறைகள் ஆளுக்கொரு மூலையில். அரைநாள் பேசியதில் குளியலறை இரண்டும் முதுகோடு முதுகாகச் சேர்ந்து தொட்டிக்கு அடியில் வந்தன. கூடம் தெற்கே திரும்பிற்று. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருந்த கார் கொட்டகை வடக்கே போயிற்று. காருக்கு வெயில் வேண்டியதில்லையே என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.